வளைகுடாவிலிருந்து முதல் விடுமுறை: அறைக் கதவு முதல் வீட்டு வாசல் வரை

முதல் விடுமுறைக்கு ஊர் கிளம்பும் தம்பிகள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த விமானத்தில் டிக்கெட் மலிவு, அண்ணே?" என்பதுதான். நான் திருப்பிக் கேட்பது, "இறங்கியபின் வீட்டுக்கு எப்படிப் போகப் போகிறாய்?" பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "வீட்டிலிருந்து கார் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்கள்."

அந்தக் காரை நினைத்துத்தான் எனக்குக் கவலை. சவூதி அரேபியாவின் ஜுபைலில் 11 ஆண்டுகள் வேலை செய்துவிட்டு வந்தவன் நான். விமானம் ஏறும் இடம், குடியேற்றச் சோதனை, சுங்கம் என்று நாம் பயப்படும் இடங்களிலெல்லாம் வழி சொல்ல யாராவது சீருடையில் நிற்பார்கள். யாரும் நிற்காத இடம், விமான நிலையத்துக்கும் நம் வாசலுக்கும் நடுவில் கிடக்கும் சாலை. ஆகவே இந்த வழிகாட்டியைப் பயணத்தின் வால் பக்கத்திலிருந்து தொடங்குகிறேன். சவூதியை வைத்தே எழுதுகிறேன். மற்ற வளைகுடா நாடுகளில் மாறும் இடங்களை அங்கங்கே சொல்கிறேன்.

முதல் வேலை: கடைசி 300 கிலோமீட்டர்

என் முதல் விடுமுறையில் சென்னையில் இறங்கினேன். ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். சித்தப்பா காரை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். கூடவே அப்பா, மனைவி, மச்சான், இரண்டரை வயது மகள். முந்தின நாள் மதியச் சாப்பாட்டோடு கிளம்பி, இரவு பத்து மணியிலிருந்து விமான நிலைய வாசலிலேயே காத்துக்கிடந்திருக்கிறார்கள். விமானம் இறங்கியது அதிகாலை 2 மணிக்கு. பெட்டி வந்து சேர்ந்து, அழுது, சிரித்து, சாமான்களை வண்டியில் திணித்துக் கிளம்பும்போது மூன்றரை. சித்தப்பா ஒரு நிமிடம்கூடக் கண்ணயரவில்லை. "உன்னைப் பார்த்ததும் தூக்கம் போய்விட்டதடா" என்றார்.

திண்டிவனம் தாண்டியதும் வண்டிக்குள் பேச்சு ஓய்ந்தது. ஒவ்வொருவராகத் தூங்கிப்போனார்கள். முன்னிருக்கையில் இருந்த நானும்தான். ஒரு சத்தம் கேட்டுக் கண் விழித்தேன். யாரோ நகத்தால் கதவைப் பிறாண்டுவதுபோலச் சரசரவென்று ஒரு சத்தம். நான்குவழிச் சாலையின் நடுத்திட்டில் வளர்த்திருக்கும் அரளிச் செடிகள் வண்டியின் வலப்பக்கம் முழுவதும் உரசிக்கொண்டு வந்தன. சித்தப்பாவின் தாடை நெஞ்சில் படிந்திருந்தது. தோளைப் பிடித்து உலுக்கினேன். அவர் விழித்து ஸ்டியரிங்கை ஒடித்த ஒடிப்பில் பின்னால் இருந்தவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். பக்கத்துத் தடத்தில் அந்த நேரம் லாரி எதுவும் வரவில்லை. அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அடுத்து வந்த டீக்கடையில் நிறுத்தினோம். சித்தப்பா கையிலிருந்த கண்ணாடி டம்ளர் தட்டில் பட்டுக் கிடுகிடுத்தது. கதவுக் கைப்பிடியில் ஓர் இளஞ்சிவப்பு அரளிக் கொத்து சிக்கியிருந்தது. மகள் அதைப் பறிக்கக் கை நீட்டினாள். அப்பா அவள் கையைத் தட்டிவிட்டார். அரளி விஷம்.

வெளிநாட்டிலிருந்து வந்தவரை அழைத்துவந்த கார் விபத்துக்குள்ளான செய்தியை நீங்களும் நாளிதழில் படித்திருப்பீர்கள். பாசத்தில் வருகிறவர்களை வரவேண்டாம் என்று சொல்வது கடினம்தான். ஆனாலும் டிக்கெட் எடுக்கும் முன்பே வீட்டாரிடம் பேசி இவற்றை முடிவு செய்துவிடுங்கள்.

வீட்டுக்கு மிக அருகில் உள்ள விமான நிலையத்துக்கே டிக்கெட் பாருங்கள். சென்னைக்கு 3,000 ரூபாய் குறைவு என்றால், அந்த 3,000 ரூபாயும் பெட்ரோலிலும் சுங்கச்சாவடியிலும் கரைந்துவிடும். டெல்டா, புதுக்கோட்டை, பெரம்பலூர்க்காரர்களுக்குத் திருச்சி. தெற்கே மதுரை, மேற்கே கோவை. குமரி மாவட்டத்தாருக்குத் திருவனந்தபுரம்தான் பக்கம்.

விமானம் நள்ளிரவில் இறங்குகிறது என்றால், இரவெல்லாம் ஓட்டி வந்தவர் அதே இரவில் திரும்பி ஓட்டக்கூடாது. வண்டி ஓட்டத் தெரிந்த இருவர் வரட்டும். வரும்போது ஓட்டியவர் திரும்பும்போது பின்னிருக்கையில் தூங்கட்டும். ஒருவர்தான் இருக்கிறார் என்றால், விமான நிலையத்துக்கு அருகில் ஒரு விடுதி அறை எடுத்துவிட்டு, விடிந்து இட்லி சாப்பிட்டுக் கிளம்புங்கள். இரண்டு ஆண்டுகள் காத்திருந்த வீடு இன்னும் ஐந்து மணி நேரம் காத்திருக்கும். குடும்பமே திரண்டு வரவேண்டாம். ஒருவரோ இருவரோ வந்தால் போதும். பெட்டிகளுக்கும் இடம் வேண்டும் அல்லவா?

பஸ்ஸில் போகிறவர்கள் ஒரு மாற்றத்தைத் தெரிந்துகொள்ளவேண்டும். நீங்கள் சில ஆண்டுகளுக்கு முன் விட்டுப்போன பஸ் நிலையங்கள் இப்போது இடம் மாறிவிட்டன. சென்னையில் கோயம்பேட்டுக்குப் போய் நிற்காதீர்கள். தென் மாவட்டங்களுக்கும் டெல்டாவுக்கும் போகும் பஸ்கள் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பஸ் முனையத்திலிருந்து புறப்படுகின்றன. அது விமான நிலையத்துக்குத் தெற்கே, அதே ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிறது. கோயம்பேடு எதிர்த்திசை. பெட்டி குறைவாக இருந்தால் விமான நிலையத்துக்கு எதிரிலேயே திரிசூலம் ரயில் நிலையம். மின்சார ரயிலில் தாம்பரம் போய் அங்கிருந்து மாநகரப் பஸ் பிடிக்கலாம். திருச்சியிலும் வெளியூர்ப் பஸ்களுக்காக மதுரை நெடுஞ்சாலையில் பஞ்சப்பூர் முனையம் 2025 ஜூலையில் இயங்கத் தொடங்கிவிட்டது. எந்தப் பஸ் எங்கிருந்து என்று வீட்டாரை விசாரித்து வைக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது: விசாவில் ஒரு சொல்

சவூதியில் இருப்பவர் விடுமுறைக்கு வரவேண்டும் என்றால் எக்ஸிட் ரீ-என்ட்ரி விசா வேண்டும். கம்பெனி எடுத்துத் தரும். 2021 மார்ச் முதல் தொழிலாளியே அப்ஷர் என்ற சவூதி அரசுச் செயலி வழியாக விண்ணப்பிக்கவும் வழி இருக்கிறது. ஒரு முறை போய்வரும் விசாவுக்கு இரண்டு மாதம்வரை 200 ரியால், அதற்குமேல் ஒவ்வொரு மாதத்துக்கும் 100 ரியால். இந்தச் செலவு முதலாளியைச் சேர்ந்தது. உங்கள் சம்பளத்தில் பிடித்தால் கேளுங்கள்.

விசாத் தாள் கைக்கு வந்ததும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அரபி படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். "குரூஜ் வ அவ்தா" என்றால் போய்த் திரும்பி வருவது. "குரூஜ் நிஹாயி" என்றால் ஒரேயடியாகப் போவது, அதாவது பைனல் எக்ஸிட். திரும்பி வரும் எண்ணத்தில் இருப்பவர் கையில் இரண்டாவது தாள் இருந்தால், ஊரில் இறங்கியபின் அழுது பயனில்லை. கவுண்டரில் யாரும் இதை உங்களுக்கு எடுத்துச் சொல்லமாட்டார்கள்.

அடுத்து, திரும்பவேண்டிய நாள். சில விசாக்களில் இத்தனை நாள் என்று இருக்கும். அது நீங்கள் நாட்டை விட்டு வெளியேறிய நாளிலிருந்து கணக்கு. சிலவற்றில் இன்ன தேதிக்குள் திரும்பவேண்டும் என்று இருக்கும். நீங்கள் பத்து நாள் தாமதமாகக் கிளம்பினாலும் அந்தத் தேதி நகராது. உங்களுடையது எது என்று பார்த்து, திரும்பும் டிக்கெட்டைக் கடைசி நாளுக்கு ஒரு வாரமாவது முன்னதாகப் போடுங்கள். எமிரேட்ஸ், குவைத், ஓமன், கத்தார் நாடுகளில் இப்படித் தனி விசா வேண்டியதில்லை; குவைத்தில் மட்டும் 2025 ஜூலை முதல் தனியார் நிறுவனத் தொழிலாளி முதலாளி வழியாக வெளியேறும் அனுமதி வாங்கவேண்டும். ஆனால் தொடர்ந்து ஆறு மாதத்துக்குமேல் வெளியே இருந்தால் பொதுவாகக் குடியிருப்பு அனுமதி செல்லாமல் போகும்.

இக்காமா என்ற சவூதிக் குடியிருப்பு அட்டை காலாவதியாகவில்லையா, பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதத்துக்குமேல் செல்லுமா, போக்குவரத்து அபராதம் பாக்கி இருக்கிறதா என்று பாருங்கள். அபராதம் பாக்கி இருந்தால் விசா எடுக்கும் இடத்திலேயே நின்றுவிடும். பாஸ்போர்ட், இக்காமா, விசா மூன்றையும் படம் பிடித்து மனைவிக்கோ அண்ணனுக்கோ அனுப்பிவையுங்கள். தொலைந்துபோனால் அந்தப் படம்தான் பாதி வேலையை முடிக்கும்.

சவூதி சிம்மை உயிரோடு வைத்திருங்கள். அப்ஷரும் அங்குள்ள வங்கியும் ரகசிய எண்ணை அந்த எண்ணுக்குத்தான் அனுப்பும். விடுமுறையில் ஊரில் இருக்கும்போது விசாவை நீட்டிக்க நேர்ந்தால் இதன் அருமை தெரியும். அதேபோல ஊரில் விட்டுவந்த இந்திய எண்ணையும் யாராவது ரீசார்ஜ் செய்துகொண்டே இருக்கவேண்டும். நெடுநாள் சும்மா கிடந்தால் அது வேறொருவர் கைக்குப் போய்விடும். அத்தோடு உங்கள் வங்கிக் கணக்கின் கதவும் சாத்திக்கொள்ளும்.

மூன்றாவது: டிக்கெட்டில் மூன்று கண்ணிகள்

முதல் கண்ணி, நள்ளிரவு. டிக்கெட்டில் "12-ஆம் தேதி, 01.20" என்று இருந்தால், நீங்கள் அறையை விட்டுக் கிளம்பவேண்டியது 11-ஆம் தேதி மாலை. என் அறையில் ஒரு நண்பர் 12-ஆம் தேதி வேலை முடித்து, குளித்து, புதுச் சட்டை போட்டுக்கொண்டு, எங்கள் எல்லோரிடமும் விடைபெற்று தம்மாம் விமான நிலையம் போனார். விமானம் முந்தின இரவே போயிருந்தது. பெட்டியோடு திரும்பி வந்து கட்டிலில் உட்கார்ந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. வீட்டுக்கு எப்படிச் சொல்வது என்பதுதான் அவருடைய துக்கம். புது டிக்கெட்டுக்கு நாங்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டோம். டிக்கெட் வந்ததும், கிளம்பவேண்டிய நாளையும் நேரத்தையும் தமிழில் பெரிதாக எழுதிக் கட்டில் தலைமாட்டில் ஒட்டிவிடுங்கள்.

இரண்டாவது, மும்பை அல்லது டெல்லி வழியாக வரும் டிக்கெட். இந்தியாவில் முதலில் இறங்கும் ஊரிலேயே குடியேற்றச் சோதனை, சுங்கம் எல்லாம் முடிந்துவிடும். பெரும்பாலும் பெட்டிகளை அங்கே எடுத்து, சுங்கம் தாண்டி, உள்நாட்டு விமானத்துக்கு மறுபடியும் ஒப்படைக்கவேண்டும். இதற்கு மூன்று மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இரண்டு டிக்கெட்டும் தனித்தனியாக எடுத்தது என்றால் இன்னொரு அடியும் விழும். வெளிநாட்டு விமானத்தில் 30 கிலோ ஏற்றியவருக்கு உள்நாட்டு விமானத்தில் 15 கிலோதான் அனுமதி. மீதிக்குக் கிலோக் கணக்கில் பணம் கேட்பார்கள். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததை விட்டதற்கு யாரும் பொறுப்பேற்கவும் மாட்டார்கள். ஒரே பதிவு எண்ணில் முழுப் பயணமும் இருக்கும்படி எடுங்கள். சவூதியிலிருந்து திருச்சி வருகிறவர்கள் பலர் கொழும்பு வழியாக வருவதற்குக் காரணம் இதுதான். ஒரே டிக்கெட்டாக இருந்தால் பெட்டி நேரே திருச்சிக்கு வந்துவிடும். இந்தியச் சுங்கத்தைத் திருச்சியிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, பெயர். பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளும் டிக்கெட்டில் உள்ளவையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று எழுத்துக்கூட்டிப் பாருங்கள்.

நான்காவது: பெட்டி கட்டுதல்

இதைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். சாமான் வாங்கக் கடன் வாங்காதீர்கள். ஊருக்குப் போகிறவன் கையை வீசிக்கொண்டு போகலாமா என்று எல்லோரும் சொல்வார்கள். சோப்பு, ஷாம்பு, டார்ச் லைட், டாங் பவுடர் எல்லாம் இப்போது நம் கடைத்தெருவிலேயே கிடைக்கின்றன. ஊரில் கிடைப்பதை வளைகுடாவிலிருந்து கிலோக் கணக்கில் சுமப்பது வீண். இரண்டு மாதச் சம்பளத்தைப் பெட்டியில் போட்டு, விடுமுறையின் பத்தாவது நாளே மச்சானிடம் கைமாற்று கேட்டவர்களை நான் அறிவேன். யார் யாருக்கு என்ன என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். தாளில் இல்லாத பெயருக்கு எதுவும் வாங்காதீர்கள்.

ஊரில் கிடைக்காததை வாங்குங்கள். கிழக்கு மாகாணத்தில் இருப்பவர்களுக்கு அல் அஹ்ஸாவின் கலாஸ் பேரீச்சம்பழம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மதீனா பக்கம் இருப்பவர்களுக்கு அஜ்வா. நன்றாக உலர்ந்து அழுத்திக் கட்டிய பொட்டலமாக வாங்குங்கள். பழுத்தும் உலராத ருதப் வகையைப் பெட்டிக்குள் வைத்தால் சாறு கசிந்து, பக்கத்தில் இருக்கும் பட்டுப்புடவை பாழாகும். கோடாலித் தைலம் அம்மாவுக்குக் கட்டாயம் வேண்டும். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, பாலித்தீன் பையில் போட்டு, துணிகளுக்கு நடுவே வையுங்கள். கம்பளி எடை குறைவானதுதான், ஆனால் பெட்டியில் பாதியை அடைத்துக்கொள்ளும். ஒன்றுக்குமேல் வேண்டாம்.

அட்டைப்பெட்டியை நைலான் கயிற்றால் வரிந்து கட்டும் நம் பழக்கத்தைச் சில விமான நிலையங்கள் இப்போது ஏற்பதில்லை. ஜித்தாவில் கயிறு கட்டிய மூட்டைகளைத் திருப்பி அனுப்புகிறார்கள். துபாயில் தட்டையான ஒரு பக்கமாவது இல்லாத மூட்டைகளுக்கு 2017 முதல் தடை. அட்டைப்பெட்டிதான் என்றால் கயிறு இல்லாமல் அகலமான டேப்பை நான்கு பக்கமும் சுற்றுங்கள். மேலே மட்டுமல்ல, உள்ளேயும் ஒரு தாளில் பெயர், ஊர், இந்திய அலைபேசி எண்ணை எழுதிப் போடுங்கள். வெளித்தாள் கிழிந்தால் உள்தாள் பேசும்.

எடையை அறையிலேயே பாருங்கள். ஐந்து பேர் சேர்ந்து ஒரு கைத்தராசு வாங்கினால் எல்லோருக்கும் உதவும். 30 கிலோ அனுமதி என்றால் 29-இல் நிறுத்துங்கள். கவுண்டர் முன்னால் பெட்டியைத் திறந்து, முந்நூறு பேர் பார்க்க உள்ளாடைகளை அள்ளித் தோழன் பையில் திணிக்கும் அவலம் யாருக்கும் வேண்டாம்.

பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்கவேண்டும், பெட்டிக்குள் போடக்கூடாது. பாஸ்போர்ட், பணம், நகை, தினமும் சாப்பிடும் மாத்திரை, ஒரு மாற்று உடை ஆகியவையும் கைப்பையில்தான். பெட்டி ஒரு நாள் பிந்தி வந்தாலும் சமாளிக்கலாம்.

இனி மற்றவர் பொட்டலங்கள். அறையில் எட்டுப் பேர் இருந்தால் எட்டுப் பொட்டலம் வரும். மறுக்க மனம் வராது, மறுக்கவும் வேண்டாம். நாளைக்கு நம் பொட்டலத்தை அவர்கள்தான் கொண்டுபோகப் போகிறார்கள். ஆனால் ஒவ்வொன்றையும் கொடுத்தவர் எதிரிலேயே பிரித்துப் பார்த்து, உங்கள் கையாலேயே கட்டுங்கள். மூடி உடைக்காத பால்பவுடர் டின்னை ஒருவர் தந்தபோது திறக்கச் சொன்னேன். முகம் சுருங்கிப்போனது அவருக்கு. இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் வேறு டின் வாங்கிவந்து, அவரே திறந்து காட்டி, மேலே டேப் ஒட்டிக் கொடுத்தார். அறையில் இல்லாதவர், நண்பரின் நண்பர், விமான நிலைய வாசலில் "இதை மட்டும் வெளியே கொண்டுவந்து கொடுத்துவிடு, ஆள் வந்து வாங்கிக்கொள்வார்" என்று சிரிப்பவர் எவரிடமும் எதையும் வாங்காதீர்கள். டிக்கெட் இலவசம், கைச்செலவுக்குப் பணம் என்று சொல்லிக் குருவியாக்கப் பார்ப்பார்கள். தங்கத்தோடு பிடிபட்டால் சிறைக்குப் போவது குருவிதான். அனுப்பியவர் பெயர்கூட உங்களுக்குத் தெரிந்திருக்காது.

ஐந்தாவது: பணம்

சேமித்ததைக் கையில் கொண்டுவராதீர்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான என்.ஆர்.இ. வங்கிக் கணக்குக்கு அனுப்பிவிட்டு வாருங்கள். இந்திய நோட்டாக 25,000 ரூபாய்வரை கொண்டுவரலாம். வெளிநாட்டு நோட்டுகள் 5,000 டாலர் மதிப்புக்குமேல் இருந்தால் சுங்கத்தில் எழுதிக்கொடுக்கவேண்டும். முதல் நாளுக்கென்று ஐயாயிரம் ரூபாய் சில்லறையாக இருந்தால் போதும். டீக்கடை, சுங்கச்சாவடி, வழியில் கோயிலோ தர்காவோ எல்லாம் அதற்குள் அடங்கும்.

ஆறாவது: இறங்கியபின்

கிளம்பும் நாளுக்கு முந்தின இரவு தூங்குங்கள். நம்மில் பலர் விடிய விடியப் பெட்டி கட்டிவிட்டு, வெறும் டீயோடு விமானம் ஏறி, இறங்கும்போது தலை சுற்றி நிற்கிறோம். பெட்டியை இரண்டு நாள் முன்னதாகவே மூடிவிடுங்கள்.

விமானத்தில் வருகைப் படிவம் எதையும் நீங்கள் நிரப்பவேண்டாம். இந்தியக் குடிமக்களுக்கு அது 2014-லேயே எடுக்கப்பட்டுவிட்டது. பெட்டி எடுத்ததும் இரண்டு வழி தெரியும். வரி கட்டவேண்டிய பொருள் இல்லாதவருக்குப் பச்சை, இருப்பவருக்குச் சிவப்பு. சந்தேகம் இருந்தால் சிவப்பில் போய்க் கேளுங்கள். கேட்பவருக்கு அபராதம் இல்லை. மறைப்பவருக்குத்தான் உண்டு.

ஓராண்டுக்குமேல் வெளிநாட்டில் இருந்துவிட்டுத் திரும்பும் ஆண் 20 கிராம், பெண் 40 கிராம்வரை தங்க நகையை வரியின்றிக் கொண்டுவரலாம். நகை மட்டும்தான், காசோ கட்டியோ இந்தச் சலுகையில் சேராது. ஒருவர் சலுகையை இன்னொருவர் சலுகையோடு சேர்த்துக் கணக்கிடவும் முடியாது. கடை ரசீதைக் கைப்பையில் வைத்திருங்கள். மற்றப் பொருள்களுக்கான ரூபாய் வரம்பு அவ்வப்போது மாறும். கிளம்பும் வாரத்தில் சுங்கத்துறை இணையதளத்தில் பாருங்கள். தட்டைத் திரை டி.வி. 2013 ஆகஸ்ட் முதல் வரியில்லாச் சலுகையில் இல்லை. அங்கே மலிவு என்று வாங்கிவந்து, இங்கே வரியோடு கூட்டிப் பார்த்தால் உள்ளூர்க் கடை விலைக்கே வந்து நிற்கும். ஊரிலிருந்து போகும்போதே கனமான சங்கிலி அணிந்து போகிறவர்கள், புறப்படும் விமான நிலையத்திலேயே சுங்கத்தில் ஒரு சான்று வாங்கிவைத்தால் திரும்பும்போது கேள்வி வராது.

பெட்டி வரவில்லை என்றால் வெளியே வந்துவிடாதீர்கள். அந்தக் கூடத்திலேயே விமான நிறுவனத்தின் மேசையில் எழுத்து மூலமாகப் புகார் கொடுத்து, எண்ணோடு ரசீது வாங்கியபின்தான் வாசலைத் தாண்டவேண்டும். வெளியே காத்திருப்பவர்களுக்குப் போன் செய்து சொல்லுங்கள், பதற்றப்படமாட்டார்கள்.

வண்டியில் ஏறும் முன் ஓட்டுநரிடம் எப்போது தூங்கினீர்கள் என்று கேளுங்கள். சித்தப்பாவாக இருந்தாலும் கேளுங்கள். பெட்டிகளை வண்டியின் மேல் கட்டினால் பத்துக் கிலோமீட்டரில் ஒருமுறை இறங்கிக் கயிற்றைப் பாருங்கள். முன்னிருக்கையில் இருப்பவர் தூங்கக்கூடாது, பேசிக்கொண்டே வரவேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி எல்லோரும் முகம் கழுவுங்கள்.

ஏழாவது: வீடு

என் தாத்தா பினாங்கிலிருந்து ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்துக்கு வந்து இறங்கியவர். கடலில் நாள்கணக்கில் ஆகுமாம். மேல்தளத்தில் படுத்துக்கொண்டு ஊரை நினைத்து நினைத்து, கரை தெரியும்போது மனமும் வந்து சேர்ந்துவிடும் என்பார். நாம் ஐந்து மணி நேரத்தில் வந்து இறங்குகிறோம். கப்பல் கொடுத்த அந்த நாள்களை நாம் வீட்டில்தான் எடுத்துக்கொள்ளவேண்டும். முதல் மூன்று நாள் எந்த விருந்துக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள், நிலம் பார்க்கவும் போகாதீர்கள், வந்த அன்றே பெட்டியைப் பிரித்துப் பங்கு போடவும் வேண்டாம். கூட்டத்தில் யாருக்காவது ஒன்று குறைந்து, அந்த மனத்தாங்கல் விடுமுறை முழுக்க நீடிக்கும்.

குழந்தை உங்களிடம் வரவில்லை என்றால் இழுக்காதீர்கள். "அப்பா எங்கே?" என்று கேட்டதற்கு என் மகள் மேசைமேல் இருந்த போனைக் காட்டினாள். எதிரில் நான் நின்றுகொண்டிருந்தேன். அன்று எனக்கு ஆன வருத்தம் கொஞ்சமல்ல. மிட்டாய் காட்டினேன், பொம்மை காட்டினேன், பாட்டி முந்தானையை விடவில்லை. ஐந்தாம் நாள், நான் திண்ணையில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தபோது தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினாள். ஒரு வார்த்தையும் பேசாமல் உரித்து உரித்துக் கொடுத்தேன். நீங்களும் அப்படிக் கையில் ஒரு வேலையோடு வீட்டுக்குள் இருங்கள். அவர்களே வருவார்கள்.

அலுப்புத் தீர்ந்ததும் இரண்டு வேலை இருக்கிறது. விசாவில் உள்ள திரும்பும் தேதியை எடுத்து, நாட்காட்டியில் அதற்கு ஒரு வாரம் முந்தைய நாளை வட்டமிடுங்கள். பிறகு காலிப் பெட்டியை வெளியே எடுத்து, விமான நிலையத்தில் கைப்பிடியில் சுற்றிய நீளப் பட்டியைக் கிழித்துவிடுங்கள். எங்கள் வீட்டில் அதை மகள் கேட்டு வாங்கிப் பொம்மையின் இடுப்பில் சுற்றிக்கொண்டாள். பட்டியோடு வேலை முடியவில்லை. பெட்டியின் பக்கவாட்டிலோ அடியிலோ விரல் அகலத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், அதிலும் கோடு கோடாக அதே எண் இருக்கும். போகும்போது இயந்திரம் புதுப் பட்டியை விட்டு இந்தப் பழைய ஸ்டிக்கரைப் படித்துவிட்டால் பெட்டி வேறு வழிக்குப் போய்விடக்கூடும். வெந்நீரில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் வைத்திருந்து நகத்தால் சுரண்டினால் வந்துவிடும்.